கைதிகளின் சொல்லும் கப்பலில் வந்த கொடியும்

அவுஸ்திரேலியாவுக்கு முதன்முறையாகச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். பாடசாலையில் பிரித்தானிய ஆங்கிலம் கற்றவர்கள். வேலைத்தலத்தில் நாள்தோறும் அதைப் பயன்படுத்துபவர்கள். ஆயினும் சிட்னி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து வாடகைக் கார்ச் சாரதியுடன் பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர்களுக்குத் திகைப்பு ஏற்பட்டுவிடுகிறது. "ஹவ் யா கோயிங்" என்று அவர் கேட்கிறார். எங்கே போகிறீர்கள் என்பதல்ல அதன் பொருள். நலமாக இருக்கிறீர்களா என்பதே பொருள். வெளிக்கிடுபவரைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று கேட்பது சகுனப் பிழை எனக் கருதும் யாழ்ப்பாண மண்ணில் வளர்ந்த ஒருவர், இந்தக் கேள்விக்கு எப்படி விடையளிப்பது என்று தடுமாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது தடுமாற்றம் விருந்து மேசையில் நிகழ்கிறது. வைன் போத்தலைத் திறந்தபடி விருந்தளிப்பவர் அதன் ஊர், கொடியின் வயது, பழம் பறித்த ஆண்டு என்று பேசிக்கொண்டே போகிறார். குடிப்பவரும் குடியாதவரும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பயணக் கைநூல்கள் இவ்விரண்டையும் வேடிக்கைப் பொருள்களாகவே தருகின்றன. கொச்சைச் சொற்களுக்கு ஒரு பட்டியல். வைன் வகைகளுக்கு இன்னொரு பட்டியல். ஆனால் அந்நாட்டின் கொச்சை மொழியும் வைனும் ஒரே கப்பற்றொகுதியில் வந்திறங்கியவை. இரண்டும் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் இங்கிலாந்தின் முன் தலைகுனிந்து நின்றவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைநிமிர்ந்தவை. யார் வந்தார்கள், யார் தடுக்கப்பட்டார்கள் என்ற கதையை இவ்விரண்டிலும் படிக்கலாம்.

1788: இரு சரக்குகள்

1787 மே மாதத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. கப்டன் ஆர்தர் பிலிப்பின் தலைமையில் 700க்கும் மேற்பட்ட கைதிகளை அவை ஏற்றிச் சென்றன. வழியில் ரியோ டி ஜெனீரோவிலும் நன்னம்பிக்கை முனையிலும் தங்கியபோது, யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்று சொல்லும் திராட்சையின் கொடிகளும் ஏற்றப்பட்டன. 1788 ஜனவரி 26ஆம் திகதி சிட்னிக் குடாவில் இறங்கியவர்கள் அக்கொடிகளை நட்டனர். கரையோர ஈரக்காற்றில் அவை செழிக்கவில்லை. பின்னர் உள்ளே பரமட்டாவில் நட்டபோதே பலன் கிட்டியது.

கொடி தோற்ற மண்ணில் மொழி உடனே வேரூன்றிவிட்டது. கைதிகளுட் பலர் இலண்டன் நகரத்துத் திருடர்கள். பொலிஸாருக்கும் நீதவானுக்கும் விளங்காதபடி பேசுவதற்கென்றே அவர்களிடம் 'ஃபிளாஷ்' என்ற குழூஉக்குறி இருந்தது. முதற் கப்பற்றொகுதியில் வந்த கடற்படைக் காலாள் அதிகாரி வொட்கின் டென்ச், குடியேற்றத்தின் ஆரம்பகால நீதிமன்றங்களில் சாட்சியத்தை விளங்கிக்கொள்ள அடிக்கடி மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாக 1793இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலேய நீதிமன்றத்தில் ஆங்கிலேயன் பேசிய ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாளர்!

அந்தக் குழூஉக்குறியைத் தொகுத்தவனும் ஒரு கைதிதான். ஜேம்ஸ் ஹார்டி வோக்ஸ் மூன்று முறை நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட எத்தன். நியூகாசில் தண்டனைக் குடியிருப்பில் இருந்தபோது 1812இல் அவன் எழுதிய சொற்றொகுதி 1819இல் இலண்டனில் அச்சேறியது. அவுஸ்திரேலிய மண்ணில் தொகுக்கப்பட்ட முதல் ஆங்கில அகராதி அதுவே எனக் கருதப்படுகிறது. அதில் 'ஸ்வாக்' என்பது திருட்டுப் பொருளின் மூட்டை. பிற்காலத்தில் வேலை தேடி நாட்டுப்புறங்களில் நடந்து திரிந்த கூலியாட்களின் படுக்கை மூட்டைக்கு அப்பெயர் வந்தது. பான்ஜோ பாற்றர்சன் 1895இல் எழுதிய 'வால்ற்சிங் மற்றில்டா' பாடலின் நாயகன் அத்தகைய ஒரு மூட்டைக்காரனே.

வோக்ஸின் தொகுதியில் 'சம்' என்றொரு சொல்லும் உண்டு. ஒரே சிறையில் இருக்கும் சக கைதி என்று அதற்குப் பொருள். புதிதாக வந்தவன் 'நியூ சம்', பழையவன் 'ஓல்ட் சம்'. சிறைக்கு வெளியே வந்த பின்னரும் இந்தச் சொல் அழியவில்லை. புதிதாகக் குடியேறிய எவரையும் 'நியூ சம்' என்றழைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வழக்காயிற்று. முதன்முறை செல்பவருக்கு அந்நாடு சூட்டிய முதற்பெயர் 'புதுக் கைதி' என்பதை இந்த இடத்தில் நினைவிற்கொள்வது நல்லது.

கைதிகளுக்கு முன்னரே அங்கு மொழிகளும் இருந்தன, மதுவும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1770இல் கப்டன் குக் குழுவினர் கூகு யிமிதிர் மக்களிடமிருந்து பெற்ற சொல்லே கங்காரு. உடலுழைப்பைக் குறிக்கும் 'யக்கா' என்ற கொச்சைச் சொல் பிரிஸ்பேன் பகுதிப் பூர்வீகக் குடிகளின் யகரா மொழியிலிருந்து வந்தது. தஸ்மேனியாவின் பூர்வீக மக்கள் ஒருவகை யூக்கலிப்டஸ் மரத்தைக் கீறி, ஊறிவந்த சாற்றைப் புளிக்கவிட்டு அருந்தினர். பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தியன்று.

பயிரும் பெயரும்

வைன் அங்கு தொழிலாக வளர்ந்ததில் சிலரது முயற்சி குறிப்பிடத்தக்கது. நீலமலைகளை 1813இல் கடந்தவர்களுள் ஒருவரான கிறெகரி பிளக்ஸ்லாண்ட், 1822இல் தமது தோட்டத்துச் சிவப்பு வைனை இலண்டனுக்கு அனுப்பினார். நெடுங்கடற் பயணத்தில் கெட்டுவிடாதிருக்கப் பிராந்தி கலந்து அனுப்பப்பட்ட அந்த வைனுக்கு அடுத்த ஆண்டு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஜேம்ஸ் பஸ்பி என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1831இல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் அலைந்து நூற்றுக்கணக்கான கொடி வகைகளைச் சேகரித்தார். அவை அடுத்த ஆண்டு சிட்னித் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன.

அந்நாட்டின் புகழ்பெற்ற 'ஷிராஸ்' என்ற பெயரும் ஒரு வகையில் கொச்சையே. பிரெஞ்சுக்காரர் 'சிரா' என்பதைப் பஸ்பியின் காலத்தவர் 'சிராஸ்', 'ஸ்கைரஸ்' என்றெல்லாம் எழுதி, கடைசியில் பாரசீக நகரமொன்றின் பெயராக்கிவிட்டனர். அக்கொடி பாரசீகத்திலிருந்து வந்ததன்று. பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்குப் பகுதியிலேயே தோன்றியது என்பதை 1998இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. உச்சரிப்புப் பிசகு உலகச் சந்தையில் வணிகப் பெயராகிவிட்டது.

தென் அவுஸ்திரேலியாவின் கதை வேறு. அது கைதிகளை ஏற்காத குடியேற்றம். பிரஷ்ய மன்னன் வழிபாட்டு முறையில் தலையிட்டதை ஏற்க மறுத்த லூத்தரன் சபையினர் 1838 முதல் அங்கு வந்தனர். 1842இல் பரோஸா பள்ளத்தாக்கில் பெத்தனி என்ற ஊரை அமைத்தனர். இன்றைய மொழியில் சொன்னால் அவர்கள் மத அகதிகள். 1847இல் ஜேக்கப்ஸ் கிறீக் ஓடையருகே கொடி நட்ட யோஹான் கிராம்ப் போன்ற ஜேர்மன் குடியேறிகளே பரோஸா வைனின் முன்னோடிகள்.

ஐரோப்பாவின் தோட்டங்களை 1860கள் முதல் பிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. 1877இல் அது விக்டோரியாவின் ஜீலோங் பகுதிக்கும் வந்தது. தென் அவுஸ்திரேலியா கடுமையான கட்டுப்பாடுகளால் தப்பியது. இதன் விளைவு விசித்திரமானது: ஐரோப்பாவில் மாண்டுபோன பழைய வேர்கள் பரோஸாவில் உயிரோடிருக்கின்றன. 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன.

ஆனால் நட்டவர்களின் மொழிக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியர் பகைவராயினர். லூத்தரன் பாடசாலைகள் மூடப்பட்டன. 1917இல் தென் அவுஸ்திரேலியா சட்டமியற்றி 69 ஜேர்மன் இடப்பெயர்களை நீக்கியது. பரோஸாவின் கைசர்ஸ்ரூல் குன்று, பிரித்தானியப் போர் அமைச்சரின் நினைவாகக் கிச்சனர் மலையாயிற்று. 1975இலேயே பழைய பெயரை மீளப் பெற்றது. வைனை வைத்துக்கொண்டு பெயரை அழித்தார்கள். ஊர்ப்பெயர்கள் மாற்றப்படுவதன் வலியை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

மலிவுச் சாறும் ஆறு மணி மணியோசையும்

அதே போரில் பிரான்ஸுக்குச் சென்ற அவுஸ்திரேலியப் படையினர் வெள்ளை வைனைக் குறிக்கும் 'வான் பிளான்' என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தம் வாய்க்கேற்ப வளைத்து 'பிளொங்க்' ஆக்கினர் என்பதே பெரும்பாலான அகராதியாளர்கள் ஏற்கும் விளக்கம். ஊர் திரும்பிய பின் அது மலிவான, தரங்குறைந்த வைனின் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கு உற்பத்தியானவற்றுட் பெரும்பகுதி சாராயச் சத்துச் சேர்த்த இனிப்பு வைனே. மேசை வைன் அருந்துவது அந்நியர் பழக்கமாகவும், பியர் அருந்துவதே ஆண்மையாகவும் கருதப்பட்டது.

போர்க்காலச் சிக்கனமும் மதுவிலக்குக்காரர்களின் முயற்சியும் சேர்ந்து 1916இல் பல மாநிலங்களில் மதுச்சாலைகளை மாலை ஆறு மணிக்கு மூடச் செய்தன. ஐந்து மணிக்கு வேலை விட்டு ஓடிவந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் இயன்றவரை குடித்துத் தீர்த்தனர். சீர்திருத்தம் வேண்டிச் செய்த சட்டம் அவசரக் குடியை வளர்த்தது. நியூ சவுத் வேல்ஸில் 1955 வரையும், விக்டோரியாவில் 1966 வரையும், தென் அவுஸ்திரேலியாவில் 1967 வரையும் இந்நிலை நீடித்தது. பிறர் மகிழ்ச்சியைப் பொறாத ஒழுக்கவாதிகளைக் குறிக்கும் 'வவ்சர்' என்ற சொல்லைத் தாமே உருவாக்கியதாக 'ட்ரூத்' பத்திரிகையின் ஜோன் நோர்ட்டன் உரிமை கோரினார். பத்திரிகையாளர் உருவாக்கும் சொற்கள் எல்லாம் ஒரு நாளில் மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

வெட்கம் நீங்கிய காலம்

இலண்டன் உச்சரிப்பே உயர்ந்தது, பிரெஞ்சு வைனே உயர்ந்தது என்ற மனநிலை 1960கள் வரை வலுவாக இருந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் இங்கிலாந்தவரைப் போலவே பேசினர். உள்ளூர் வைன் போத்தல்களில் பர்கண்டி, ஷப்லி, ஹெர்மிற்றாஜ் என்று பிரெஞ்சு ஊர்களின் பெயர்கள் ஒட்டப்பட்டன.

பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் ஷூபேர்ட் 1950இல் போர்தோ பிரதேசத்தைப் பார்த்துத் திரும்பினார். நெடுங்காலம் முதிரக்கூடிய ஓர் அவுஸ்திரேலிய வைனைப் படைக்க எண்ணி, 1951இல் 'கிறேஞ்ச் ஹெர்மிற்றாஜ்' என்ற பரிசோதனை வைனைச் செய்தார். சுவைத்தவர்கள் முகஞ்சுளித்தனர். 1957இல் நிர்வாகம் அதை நிறுத்தும்படி பணித்தது. ஷூபேர்ட் இரகசியமாக மூன்று ஆண்டு அறுவடைகளில் தொடர்ந்து செய்தார். பழைய போத்தல்கள் முதிர முதிரச் சுவை வெளிப்பட்டது. 1960இல் நிர்வாகமே மீண்டும் செய்யச் சொன்னது. 1955ஆம் ஆண்டு வைன் 1962இல் சிட்னிப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது.

மொழியிலும் அக்காலத்திலேயே திருப்பம் நேர்ந்தது. 1964இல் ஆங்கில எழுத்தாளர் மொனிக்கா டிக்கன்ஸ் சிட்னிப் புத்தகக் கடையொன்றில் வாசகர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தார். ஒரு பெண்மணி புத்தகத்தை நீட்டி "எம்மா சிஸிட்" என்றார். அது அவரது பெயரென எண்ணிய டிக்கன்ஸ், எம்மா சிஸிட்டுக்கு என்று எழுதிக் கையொப்பமிட்டார். அப்பெண் கேட்டது "ஹவ் மச் இஸ் இட்", அதாவது விலை என்ன என்பதே. இச்செய்தியை வாசித்த ஓவியர் அலிஸ்ரெயர் மொரிசன், 'அஃபர்பெக் லோடர்' என்ற புனைபெயரில் இவ்வாறான பேச்சுவழக்குகளைத் தொகுத்து 1965இல் நூலாக்கினார். 'அல்பபெற்றிக்கல் ஓர்டர்' என்பதை வேகமாகச் சொன்னால் வருவதே அந்தப் புனைபெயர். தங்கள் வாய்மொழியை அச்சிற் கண்டு அவுஸ்திரேலியர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வெட்கம் கரைந்தது. 1981இல் மக்குவாரி அகராதியும், 1988இல் அவுஸ்திரேலியத் தேசிய அகராதியும் வெளிவந்தன.

வைனும் தன் பெயரைக் கண்டடைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 1994இல் செய்த உடன்படிக்கையை அடுத்து இரவற் பிரெஞ்சுப் பெயர்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. 'கிறேஞ்ச் ஹெர்மிற்றாஜ்' வெறும் 'கிறேஞ்ச்' ஆயிற்று.

சொல்லால் அடைத்த கதவு

இத்தனை நூற்றாண்டுத் தாழ்வுணர்ச்சியைச் சுமந்த நாடு, அதே மொழியைப் பிறருக்கு எதிரான பூட்டாகவும் பயன்படுத்தியது. 1901ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதிகாரி தெரிவு செய்யும் ஓர் ஐரோப்பிய மொழியில் அவர் சொல்லச் சொல்ல 50 சொற்களை எழுதவேண்டும் என்பதே விதி. ஆங்கிலம் நன்கறிந்த ஆசியருக்கு வேறு ஐரோப்பிய மொழியொன்றில் பரீட்சை வைக்கலாம். 1909க்குப் பின் அப்பரீட்சையில் எவரும் தேறவில்லை.

நாஸிகளை எதிர்த்த பிராக் நகரப் பத்திரிகையாளர் எகொன் கிஷ் 1934இல் அங்கு சென்றபோது, பல மொழிகள் அறிந்த அவரைத் தடுக்க ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தனர். அது சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியன்று என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பரீட்சை 1958இல் ஒழிந்தது; வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973இல் முறைப்படி முடிவுற்றது. அதன் பின்னரே, சிறப்பாக 1983க்குப் பின், நம்மவர்கள் அங்கு பெருமளவிற் சென்றனர். 2021 குடிசன மதிப்பீட்டின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் அதிகம்.

முதன்முறை செல்வோருக்கு

வரலாறு தெரிந்தால் வழக்கும் எளிதில் விளங்கும். சொற்களைக் குறுக்கி 'ஓ' என்றோ 'ஈ' என்றோ முடிப்பது அவர்கள் இயல்பு. பிற்பகல் 'ஆர்வோ', காலையுணவு 'பிரெக்கி', பெற்றோல் நிலையம் 'சேர்வோ', என் போன்ற தொழிலர் 'ஜேர்னோ'. இது அவமதிப்பன்று, நெருக்கம். மதுக்கடையை 'பொட்டில்ஓ' என்கிறார்கள். முற்காலத்தில் அது வெற்றுப் போத்தல் வாங்க வீதியிற் கூவி வந்தவனின் பெயர். கொழும்பு வீதிகளில் போத்தலும் பழைய பத்திரிகையும் கேட்டு ஒலித்த குரல்களை அறிந்தவர்களுக்கு அச்சொல் மறக்காது.

விருந்துக்கு அழைப்பவர் 'பிளேட்' ஒன்று கொண்டுவரும்படி சொன்னால் வெறுந்தட்டை எடுத்துச் செல்லக்கூடாது. பகிர்ந்துண்ண ஏதேனும் ஓர் உணவு கொண்டுவரவேண்டும் என்பதே பொருள். 'ஷௌட்' என்பது சத்தமிடுதலன்று. கூடியிருப்போர் அனைவருக்கும் ஒருவர் மாறி ஒருவர் பானம் வாங்கிக் கொடுக்கும் முறை. பழச்சாறு மட்டும் அருந்துபவரும் தம் முறையில் வாங்கிக் கொடுக்கவேண்டும். முறை தவறுவதையே அவர்கள் மறக்கமாட்டார்கள். 'யா, நா' என்றால் இல்லை; 'நா, யா' என்றால் ஆம். கடைசிச் சொல்லே விடை.

'பி.வை.ஓ.' என்று பலகையுள்ள உணவகத்துக்கு உங்கள் வைனை நீங்களே கொண்டுசெல்லலாம். 'கூன்' என்பது அட்டைப் பெட்டிக்குள் பையில் வரும் மலிவு வைன்; தென் அவுஸ்திரேலியரான தோமஸ் அங்கோவ் 1965இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது. தோட்டங்களில் சுவைத்துப் பார்க்கும்போது, விழுங்காமல் அதற்கென வைத்த பாத்திரத்தில் உமிழ்ந்துவிடுவது மரியாதைக் குறைவன்று. வாகனம் ஓட்டுபவர் அதையே செய்யவேண்டும். சாதாரண அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு இரத்த மதுவளவு எல்லை 0.05.

'மேற்' என்ற விளியைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டாம். 2005இல் கன்பரா நாடாளுமன்றக் காவலர்கள் வருவோரை அவ்வாறு அழைக்கக்கூடாதென ஓர் உத்தரவு பிறந்தது. நாடே கொதித்தது; ஒரு நாளுக்குள் உத்தரவு மீளப்பெறப்பட்டது.

ஆயினும் அந்தத் தோழமைச் சொல் எல்லோருக்கும் எப்போதும் கிடைத்ததில்லை. ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அதே கொச்சை மொழி 'ரெஃபோ' என்ற இகழ்ச்சிப் பெயரைச் சூட்டியது. ஒரு சொல்லைக் குறுக்குவதால் நெருக்கத்தையும் காட்டலாம். ஒருவரைச் சிறுமைப்படுத்தவும் செய்யலாம்.

மறுபுறமும் உண்டு. குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பமொன்றை 2018 மார்ச்சில் அதிகாலையில் அதிகாரிகள் கொண்டுசென்றனர். தாய் தந்தையர் படகில் வந்தவர்கள். பெண் குழந்தைகள் இருவரும் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். 2019இல் அவர்கள் கிறிஸ்மஸ் தீவில் அடைக்கப்பட்டனர். அவ்வூரார் விடவில்லை. நான்கு ஆண்டுகள் அவர்கள் நடத்திய இயக்கத்தின் முழக்கம் 'ஹோம் டு பிலோ' என்பதே. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது.

பிலோவீலா என்ற பூர்வீகச் சொல்லை ஊரார் தம் வழக்கப்படி பிலோ என்று குறுக்கியிருந்தனர். அரசாங்கத்தின் ஆவணங்களில் அக்குடும்பம் சட்டவிரோதமாகக் கடல்வழி வந்தவர்கள். ஊராரின் வாயில் அவர்கள் பிலோவைச் சேர்ந்தவர்கள். கைதிகளை ஏற்றிவந்த கப்பல்களில் தொடங்கிய ஒரு மொழி, படகில் வந்தவர்களுக்காக அன்று பேசியது. அவுஸ்திரேலியாவுக்குப் புதிதாகச் செல்லும் நம்மவர் அங்கு கற்றுக்கொள்ளவேண்டிய முதற் கொச்சைச் சொல் எதுவென்று கேட்டால், நான் அந்த ஈரெழுத்துப் பெயரையே சொல்வேன்.